அவனைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? – ஓட்டிசமும் எமது குடும்பங்களும்

விசேட கல்வி அலகொன்றில் பல வருடங்கள் கற்பித்தவள் நான். புதிதாக ஒரு பிள்ளை வந்து சேரும்போது அதன் உம்மாவிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "உங்களைத் தவிர இந்தப் பிள்ளையின் குணம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?" அனேகமானோர் சற்று யோசித்துவிட்டு, "நான் மட்டும்தான் டீச்சர்" என்பார்கள். சிலர் மூத்த மகளையும் சேர்த்து "இரண்டு பேர்" என்பார்கள். வைத்திய அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும், அந்தக் குடும்பம் எப்படி நாளைக் கழிக்கிறது என்பதை அந்த எண்ணிக்கை எனக்குச் சொல்லிவிடும். ஒரேயொருவருக்கு மட்டும் தெரிந்த பிள்ளை, அந்த ஒருவர் காய்ச்சலில் படுத்த அன்றே தனித்துப் போகும்.

இந்தக் கட்டுரை அந்த எண்ணிக்கையைப் பற்றியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு வைத்தியமும் சிகிச்சையும் தேவை. ஆனால் அன்றாட வாழ்க்கையில் அந்தப் பிள்ளையையும் அதன் குடும்பத்தையும் தாங்கி நிற்பவர்கள் அவனைச் சரியாகத் தெரிந்துகொண்ட மனிதர்களே. அந்த மனிதர்களின் தொகையை எமது ஊர்களில் எப்படிக் கூட்டலாம் என்பதை மாணவியரும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

ஓட்டிசம் என்றால் என்ன?

ஓட்டிசம் மூளையின் வளர்ச்சியில் காணப்படும் ஒரு வேறுபாடு. ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் இதனை எழுதுவர். இது தொற்றும் நோயல்ல. மருந்து குடித்தால் மாறிவிடும் காய்ச்சலும் அல்ல. வாழ்நாள் முழுவதும் கூட வரும். எனினும் சரியான உதவி கிடைத்தால் பிள்ளை கற்கும், வளரும், முன்னேறும்.

இரண்டு பக்கங்களில் இந்த வேறுபாடு தெரியும். முதலாவது, பிறருடன் தொடர்பாடும் விதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமை, கண்ணைப் பார்க்கத் தயங்குதல், விரும்பிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமல் உம்மாவின் கையைப் பிடித்து இழுத்துச் செல்லுதல், கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லுதல் போன்றவை இதில் அடங்கும். இரண்டாவது, ஒரே மாதிரியான செயல்களிலும் ஒழுங்கிலும் உள்ள பிடிப்பு. விளையாட்டுக் காரை ஓட்டாமல் அதன் சில்லை மட்டும் சுழற்றிக்கொண்டிருப்பான். வழமையான பாதையை மாற்றி வேறு தெருவால் போனால் அழுவான். ஒலி, வெளிச்சம், தொடுகை, சுவை என்பன சிலருக்கு அளவுக்கு அதிகமாகவும் சிலருக்கு அளவுக்குக் குறைவாகவும் உறைக்கும். எமக்குச் சாதாரணமாகக் கேட்கும் மிக்ஸர் சத்தம் ஒரு பிள்ளைக்குக் காதுக்குள் ஊசி குத்துவது போல இருக்கலாம்.

ஒருவர்போல் மற்றவர் இருப்பதில்லை. ஒரு சொல்லும் பேசாத பிள்ளையும் உண்டு; நீண்ட ஸூராக்களை மனனமாக ஓதி, பஸ் இலக்கங்களையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து, கூட்டாளி ஒருவரோடு விளையாட மட்டும் வழி தெரியாமல் நிற்கும் பிள்ளையும் உண்டு. இதனால்தான் வைத்தியர்கள் இதனை ஒரு நிறமாலை என்கிறார்கள். கவனம் நிலைக்காமலும் அமைதியாக இருக்க முடியாமலும் தவிக்கும் பிள்ளைகள், எழுத்துகளை வாசிப்பதில் இடர்ப்படும் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் என்போரையும் சேர்த்து, மனித மூளைகள் பல விதம் என்ற கருத்தில் "நரம்பியல் பன்மை" என்ற சொல் 1990களின் பிற்பகுதியில் இருந்து வழங்கி வருகிறது.

இது எங்கோ வெளிநாட்டில் உள்ள விடயம் என்று நினைக்கக் கூடாது. இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர், நகரச் சாயலுள்ள ஒரு பிரதேசத்தில் 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்ட ஆய்வில், 93 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் ஓட்டிசம் இருப்பதாகக் கண்டார்கள். அதே விகிதம் எமது பகுதிக்கும் பொருந்துமானால், வருடத்துக்கு 200 பிள்ளைகள் பிறக்கும் ஓர் ஊரில் வருடத்துக்கு இருவர். பத்து வருடங்களில் ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடிய எண்ணிக்கை அது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அந்தப் பிள்ளைகள் எமது தெருக்களில் கண்ணில் படாமல் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

உம்மாவின் பிழையா?

பிள்ளை பேசப் பிந்தினால் எமது ஊரில் முதலில் விசாரிக்கப்படுபவர் உம்மாதான். "வயிற்றில் இருக்கும்போது எதைப் பார்த்துப் பயந்தாய்?", "போனைக் கையில் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்", "பிள்ளையோடு பேசாமல் விட்டுவிட்டாய்" என்று மாமியும் மச்சியும் பக்கத்து வீட்டாரும் சொல்வார்கள். அந்தத் தாய்க்கு ஏற்கெனவே உறக்கமில்லை. இந்தச் சொற்கள் அவரை இன்னும் ஒடுக்கிவிடும்.

படித்த உலகமும் ஒரு காலத்தில் இதே தவறைச் செய்தது. 1925 இல் சோவியத் ரஷ்யாவின் மருத்துவர் குருன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1943 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னரே ஓட்டிசம் ஒரு தனி நிலையாகப் பரவலாக அறியப்பட்டது. ஆனால் அடுத்த இருபது வருடங்களுக்கு மேலாக, தாயின் அன்பு குளிர்ந்து போனதால்தான் பிள்ளை இப்படி ஆனது என்ற கருத்து வைத்தியர்களிடையே செல்வாக்குப் பெற்றிருந்தது. 1967 இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் அந்தப் பழியை இன்னும் பரப்பியது.

அதனை எதிர்த்து நின்றவர் ஒரு வாப்பா. உளவியலாளரான பெர்னார்ட் ரிம்லாண்ட், தனது மகனுக்கு ஓட்டிசம் இருப்பதைக் கண்டு, கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தேடிப் படித்து, காரணம் உடலியல் சார்ந்தது என்று 1964 இல் ஒரு நூல் எழுதினார். 1969 இல் கானரே பெற்றோர்களின் கூட்டமொன்றில் எழுந்து, பெற்றோர்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1977 இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, பரம்பரைக் கூறுகளின் பங்கு பெரிது என்று காட்டினார்கள். இன்று இதில் ஐயமில்லை: வளர்ப்பு முறையால் ஓட்டிசம் வருவதில்லை. கைத்தொலைபேசியை அளவுக்கு மேல் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சுக்குக் கிடைக்கும் நேரம் குறையும். அதனால் குறைப்பது நல்லது. ஆயினும் அது ஓட்டிசத்தை உண்டாக்குவதில்லை.

தடுப்பூசி பற்றிய பயமும் அப்படித்தான். 1998 இல் பிரித்தானியாவில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் வெறும் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் இருந்தே சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசி பற்றிய சந்தேகம் கிளம்பியது. அந்தக் கட்டுரையை லான்செட் சஞ்சிகை 2010 இல் மீளப் பெற்றுக்கொண்டது. அதே வருடம் அவரது வைத்தியப் பதிவும் நீக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019 இல் வெளியான ஆய்வும் அந்தத் தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று கண்டது. பிள்ளை பேச வேண்டிய வயதும் தடுப்பூசி போடும் வயதும் அடுத்தடுத்து வருவதால், ஒன்றின் பின் மற்றது தெரிவதை, ஒன்றால் மற்றது வந்ததாக நினைத்து விடுகிறோம்.

துஆச் செய்வதும் ஓதிப் பார்ப்பதும் எமது மனதுக்கு ஆறுதல். அதற்காக வைத்தியரிடம் காட்டுவதைப் பிற்போடக் கூடாது. "மூன்று மாதத்தில் முற்றாகக் குணப்படுத்துகிறேன்" என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகி நில்லுங்கள்.

மறைப்பதன் விலை

பிள்ளையை ஏன் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். வெளியே சொல்லத் தயங்கும் ஒரு காரணம் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் குமர்ப்பிள்ளை இருக்கிறாள். தம்பிக்கு இப்படி என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கி விடுவார்கள். இந்த இதழைப் படிக்கும் மாணவியர் சிலருக்கே இது சொந்தக் கதையாக இருக்கலாம்.

அந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் மறைப்பதற்குக் கொடுக்கும் விலையைக் கணக்குப் பாருங்கள். மறைக்கப்பட்ட பிள்ளை பாலர் பாடசாலைக்குப் போவதில்லை. மூளை வேகமாகக் கற்கும் முதல் ஐந்து வருடங்கள் கதவுக்குப் பின்னால் கழிந்துவிடும். உம்மா ஒரு ஜனாஸா வீட்டுக்குக் கூடப் போக முடியாமல் அடைபட்டுப் போவார். அதைவிடப் பெரிய ஆபத்தும் ஒன்று உண்டு.

ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகள் கண் இமைக்கும் நேரத்தில் வீட்டை விட்டு நழுவிப் போவார்கள். அவர்களில் பலருக்குத் தண்ணீர்மீது தீராத ஆசை. அமெரிக்காவில் மரணப் பதிவுகளை வைத்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, ஓட்டிசம் உள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கணித்தது. எமது ஊர்களின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கிழக்கே கடல். மேற்கே வயலும் வாய்க்காலும் குளமும். நடுவே மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் வாகனங்கள் பறக்கும் பிரதான வீதி. வளவுகளில் கிணறு. ஒரு பிள்ளை நழுவிக் கடற்கரைப் பக்கம் ஓடும்போது, வழியில் மீன் விற்பவரும் முச்சக்கரவண்டிச் சாரதியும் மூலைக் கடைக்காரரும் அவனைப் பார்ப்பார்கள். அவன் யார் என்று தெரிந்தால் தடுத்து வைத்து வாப்பாவுக்கு அழைப்பார்கள். தெரியாவிட்டால், யாரோ ஒரு பையன் ஓடுகிறான் என்று விட்டுவிடுவார்கள். அவனை மறைத்து வைத்ததனால், அவனைக் காப்பாற்றக் கூடியவர்களிடமிருந்தே மறைத்து விட்டோம்.

ஆகையால் நான் பெற்றோருக்குச் சொல்வது இதுதான். அவனுடைய படத்தையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் தெருவில் உள்ள பத்து வீட்டுக்கும், மூலைக் கடைக்கும், பள்ளிவாசல் முஅத்தினுக்கும் கொடுத்து வையுங்கள். காணாமல் போனால் முதலில் தண்ணீர்ப் பக்கம் தேடுங்கள். பள்ளி ஒலிபெருக்கியில் உடனே அறிவிக்கச் சொல்லுங்கள். கிணற்றுக்கு உயரமான கட்டும் மூடியும் போடுங்கள். படலையில் அவனுக்கு எட்டாத உயரத்தில் கொக்கி வையுங்கள். முடிந்தால் நீந்தப் பழக்குங்கள்.

எமது வளவில் உள்ள பலம்

நகரங்களில் ஒரு சிறிய வீட்டில் தாயும் தந்தையும் மட்டும் இத்தகைய பிள்ளையோடு போராடுவதைப் பற்றிப் படித்திருக்கிறேன். எமது கரையோர ஊர்களின் வழக்கம் வேறு. இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். அதனால் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ மூத்தம்மாவும் சாச்சிமாரும் அவர்களது பிள்ளைகளும் இருப்பார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாய்ப்புக் கிடைப்பது அரிது. ஆனால் பக்கத்தில் இருப்பதால் மட்டும் தெரிந்துகொள்ள மாட்டார்கள். சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இது மாணவியர் செய்யக்கூடிய வேலை. ஒரு தாளில், பெரிய எழுத்தில், தம்பியைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். அவனுக்கு என்ன பிடிக்கும்? எதற்குப் பயம்? தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான்? மலசலகூடம் போக வேண்டுமென்றால் என்ன செய்வான்? எந்தச் சாப்பாட்டைத் தொடமாட்டான்? குழம்பிப் போனால் எது அவனை அமைதியாக்கும்? எதைச் செய்யவே கூடாது? எட்டுப் பத்து வரிகள் போதும். அதைச் சாச்சிக்கும் மாமிக்கும் பாலர் பாடசாலை ஆசிரியைக்கும் குர்ஆன் மத்ரஸா உஸ்தாதுக்கும் கொடுங்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் யாராவது தலையைத் தடவினால் அலறுவான். அன்பாகத் தடவியவர்கள் எல்லோரும் அவனை முரடன் என்றே நினைத்தார்கள். தலையைத் தொடாமல் கையை நீட்டுங்கள் என்று அவனுடைய ராத்தா எழுதிய ஒரு வரியால் அந்த வளவில் அன்றாடம் நடந்த சண்டை நின்றது.

அன்றாடத்தில் செய்ய வேண்டியவை

முதலாவது, பேச்சு வரும்வரை காத்திருக்காமல் தொடர்பாடலுக்கு வழி செய்யுங்கள். தண்ணீர்ப் போத்தல், சோறு, மலசலகூடம், கதவு ஆகியவற்றின் படங்களை ஒட்டி, அவன் தொட்டுக் காட்டினால் உடனே கொடுங்கள். படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பது வீண் பயம். நீங்கள் பேசும்போது குறுகிய வசனமாகப் பேசுங்கள். "மகன், கை கழுவு" போதும். சொன்ன பின் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள்; அவன் மூளைக்கு அந்த நேரம் தேவை.

இரண்டாவது, நாளை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். காலை முதல் இரவு வரை நடப்பவற்றைப் படங்களாகச் சுவரில் வரிசைப்படுத்தலாம். மாற்றம் வருமானால் முதல் நாளே சொல்லுங்கள். நோன்பு மாதம் எமக்கெல்லாம் பரக்கத்தான மாதம். இந்தப் பிள்ளைக்கோ சாப்பாட்டு நேரம், உறக்க நேரம், வீட்டுச் சத்தம் யாவும் ஒரே இரவில் மாறிவிடும் மாதம். ஒரு வாரத்துக்கு முன்பே படத்தில் காட்டி, அவனுடைய சாப்பாட்டு நேரத்தையும் உறங்கும் இடத்தையும் முடிந்தளவு மாற்றாமல் வைத்தால் அந்த மாதம் எல்லோருக்கும் இலேசாகும். பெருநாள் உடுப்பு உடலில் உரசுவதால் அழுகிறான் என்றால், பழகிய பழைய பருத்திச் சேட்டோடு பெருநாள் கொண்டாடட்டும்.

மூன்றாவது, பிடிவாதத்தையும் தாங்க முடியாமையையும் பிரித்தறியுங்கள். இனிப்புக்காக அழும் பிள்ளை இனிப்புக் கிடைத்தால் நிறுத்தும். சத்தமும் கூட்டமும் வெளிச்சமும் தாங்க முடியாமல் அலறும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது. அடிப்பதும் ஏசுவதும் அந்த நெருப்புக்கு எண்ணெய். அமைதியான அறைக்குக் கூட்டிச் சென்று, பேச்சைக் குறைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். கல்யாண வீட்டுக்குப் போவதென்றால் கூட்டம் சேருமுன் போய் வாருங்கள்; ஒதுங்கி இருக்க ஓர் அறை கேளுங்கள். வீட்டுக்காரரும் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். கடையிலோ பஸ்ஸிலோ ஒரு பிள்ளை இப்படி அலறுவதைக் கண்டால், திரும்பிப் பார்த்து "பிள்ளை வளர்த்த இலட்சணம்" என்று முணுமுணுக்காமல், அந்த உம்மாவின் பையைத் தூக்கிக் கொடுங்கள்.

பள்ளிவாசலிலும் குர்ஆன் மத்ரஸாவிலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கிக் கொண்டதாக ஹதீஸ் கிரந்தங்கள் கூறுகின்றன. அழுகையைக் கேட்டதும் தாயை வெளியேற்றாமல் தொழுகையின் நீளத்தையே மாற்றிய அந்த முன்மாதிரி எமக்குப் போதும். அமைதியான நேரத்தில், கடைசி ஸப்பில், ஒரு வாப்பா தன் மகனோடு ஐந்து நிமிடம் நின்று பழக நாம் விட்டுக்கொடுத்தால், அடுத்த வருடம் அவன் பதினைந்து நிமிடம் நிற்பான்.

எமது வகுப்பறையிலும் இருக்கலாம்

இதுவரை "அவன்" என்றே எழுதி வந்தேன். ஓட்டிசம் ஆண் பிள்ளைகளிடமே அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது உண்மை. மூன்று அல்லது நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் பெண் பிள்ளைகள் மற்றவர்களைப் பார்த்து நடித்துத் தம் சிரமத்தை மறைத்துக்கொள்வதால் பலர் கண்டுபிடிக்கப்படாமலே போகிறார்கள். "அமைதியான, அடக்கமான பிள்ளை" என்று அறிக்கையில் எழுதிவிட்டு நாமும் நகர்ந்து விடுகிறோம். இடைவேளையில் எப்போதும் தனியே இருப்பவள், கேலியை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு அழுபவள், ஒரே விடயத்தைப் பற்றி ஓயாமல் பேசுபவள், பாடசாலையில் ஒழுங்காக இருந்துவிட்டு வீட்டுக்குப் போனதும் வெடித்து அழுபவள் ஆகியோரில் ஒருத்திக்கு இந்த உதவி தேவைப்படலாம். அவளுக்குப் பட்டம் சூட்டுவது மாணவியரின் வேலையல்ல. குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது அவளைச் சேர்த்துக்கொள்வதும், நேர அட்டவணை மாறினால் அவளுக்கு முன்பே சொல்வதும், கேலியை நிறுத்துவதும் உங்களால் முடியும்.

எங்கே போவது?

12 மாதத்தில் மழலையோ சைகையோ இல்லாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், 24 மாதத்தில் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால், எந்த வயதிலும் பேசிய பேச்சு நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டாம். "வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்று சமாதானம் சொல்லி இரண்டு வருடங்களைத் தொலைத்த குடும்பங்கள் பல. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதேச மருத்துவ மாதுவிடம் அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லுங்கள். அங்கிருந்து வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். காது கேட்கிறதா என்று பரிசோதிப்பார்கள். பேச்சுச் சிகிச்சைக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கும் வழி காட்டுவார்கள்.

நிபுணர்கள் குறைவு, கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2016 இல் வெளியானது. அதில் வீடுகளுக்குச் சென்றவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்றப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பிள்ளை எந்த இடத்தில் தொடர்புகொள்ள முயன்றது என்று பெற்றோருக்கே காட்டினார்கள். அதன் பின் பெற்றோர் பிள்ளைக்கு ஏற்றபடி பதிலளிப்பதும், பிள்ளைகள் தாமாகத் தொடர்பாட முன்வருவதும் கூடின. எமது வசதியை ஒத்த ஊர்களில், வீட்டுப் பாயில் உட்கார்ந்தே இது நடந்தது.

தமிழில் வாசிக்க விரும்புவோர் தமிழ்நாட்டு எழுத்தாளர் யெஸ். பாலபாரதியின் "ஆட்டிசம்: சில புரிதல்கள்", லக்ஷ்மி பாலகிருஷ்ணனின் "எழுதாப் பயணம்" ஆகிய நூல்களைத் தேடிப் படிக்கலாம். ஒரு வாப்பாவும் உம்மாவும் தம் அனுபவத்தில் நின்று எழுதிய நூல்கள் அவை.

பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுமாறு பாடசாலையில் கேட்கும்போது தலைகுனிந்து கேட்க வேண்டாம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக மட்டும் கல்வியில் ஒருவரைப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது.

எங்களுக்குப் பிறகு யார்?

எல்லாப் பெற்றோரும் இறுதியில் வந்து நிற்கும் கேள்வி இது. எமது ஊர்களில் இதற்கு ஒரு பதில் சத்தமில்லாமல் தயாராக இருக்கும்: வீடு யாருக்கோ அந்த மகள் பார்த்துக்கொள்வாள். தம்பியைப் பார்ப்பதற்காகச் சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் வகுப்புக்கு வராமல் நின்ற பிள்ளைகளை நான் அறிவேன். அவர்கள் அன்பில் குறைந்தவர்கள் அல்லர்; களைத்துப் போனவர்கள். பெற்றோரே, அந்த மகளிடம் கேளுங்கள். வாரத்தில் எந்த நாட்கள் அவளுக்குரியவை என்று வகுத்துக் கொடுங்கள். காக்காமாரும் தம்பிமாரும் குளிப்பாட்டவும் சோறூட்டவும் பழகட்டும். அது பெண் பிள்ளையின் வேலை என்று எங்கும் எழுதப்படவில்லை. வாப்பாமார் மகனை மாலையில் கடைத்தெருவுக்குக் கூட்டிச் சென்று நாலு பேருக்கு அறிமுகப்படுத்துங்கள்.

பிள்ளை பெரியவராவார். உடுப்பு மடித்தல், சாமான் அடுக்குதல், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுதல், நூல் சுற்றுதல் என்று திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளில் பலருக்கு நிறைந்த பொறுமை உண்டு. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை பக்கத்தில் இருக்கும்போது, வரிசையும் நிறமும் பிடித்த ஓர் இளைஞனுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஒரு கைத்தொழிலாளியாவது முன்வரமாட்டாரா? ஆனால் அதற்கும் முதல் நிபந்தனை, அப்படி ஓர் இளைஞன் இருக்கிறான் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்திருப்பதுதான்.

ஆகவே மாணவியரே, இந்த விடுமுறையில் செய்ய ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் அல்லது தெருவில் அத்தகைய பிள்ளை ஒன்று இருந்தால், அதன் உம்மாவிடம் போய் உட்காருங்கள். பரிதாபம் பேசாமல், பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். அடுத்த நாளும் போங்கள். அரை மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டால் அந்த உம்மா நிம்மதியாகக் குளித்துத் தொழுவார். ஒரு மாதத்தில் அந்தப் பிள்ளையின் குணம் தெரிந்தவர்களில் ஒருவர் கூடியிருப்பார். அல்லாஹ் எமது முயற்சியை ஏற்றுக்கொள்வானாக.